சினிமா சுனாமியும் ஸ்ரீ மூடா வெள்ளமும்: திரை காட்டுவது எது, விட்டுவிடுவது எது?

டிசம்பர் மாதம் தமிழர்களுக்குத் தண்ணீர் பயத்தைத் தரும் மாதம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 2004 டிசம்பர் 26 காலை நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் சுனாமி தாக்கியது. அதே நாள் பிற்பகலில் பினாங்குக் கடற்கரையிலும் உயிர்கள் போயின. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2021 டிசம்பர் 18 அன்று நம் முறை வந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள்.

இவற்றில் சில திரைப்படங்களாகவும் வந்திருக்கின்றன. 'தசாவதாரம்' படத்தின் இறுதிக் காட்சியைத் திரையரங்கில் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். படம் பொழுதுபோக்குக்குத்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால், வெள்ளமும் பேரலையும் எப்படி வரும் என்று நம்மில் பலர் மனத்தில் பதிந்திருக்கும் காட்சி திரையிலிருந்து வந்ததுதான். அந்தக் காட்சியில் பெரும் இரைச்சல் இருக்கும், வானுயர அலை இருக்கும், ஓடும் கூட்டம் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் அப்படி வருவதில்லை. கால்வாய் வழியாக, சத்தமில்லாமல், கணுக்கால் அளவில் வருகிறது. "படத்தில் பார்த்த அளவுக்கு இல்லையே" என்று காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்தானது.

அதனால் இந்தப் படங்கள் எதைச் சரியாகக் காட்டுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று பார்ப்பது நம் வட்டாரத்துக்குத் தேவையான ஒன்று.

தமிழில் இரண்டு வகை வெள்ளக் கதைகள்

சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் 'துறைமுக அலை' என்று பொருள். நடுக்கடலில் மீன் பிடித்தவர்கள் எதையும் உணராமல் கரை திரும்பி, துறைமுகம் அழிந்து கிடப்பதைப் பார்த்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தமிழில் அதற்கு முன்பே 'கடல்கோள்' என்ற சொல் உண்டு. பழைய மதுரையும் கபாடபுரமும் கடலுக்குள் போயின என்ற செய்தி இறையனார் களவியல் உரையில் வருகிறது.

மணிமேகலையில் முழுக் கதையே உண்டு. கம்பளச் செட்டியின் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட இளவரசக் குழந்தை, கப்பல் உடைந்து காணாமல் போகிறது. மகனைத் தேடும் துயரத்தில் சோழன் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவை மறக்கிறான். தெய்வத்தின் சினத்தால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. அதே காப்பியத்தில் சாதுவன் என்ற வணிகன் கப்பல் உடைந்தபின் ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் இடத்தில் கரை ஒதுங்குகிறான். ஊரில் அவன் மனைவி ஆதிரை, கணவன் இறந்துவிட்டான் என்று நினைத்துத் தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. 1997இல் வந்த 'டைட்டானிக்' படத்தில் ரோஸ் பற்றிக்கொண்ட மரப்பலகையை நம் காப்பியம் எப்போதோ பார்த்துவிட்டது.

இது ஒரு வகை. தண்ணீர் இங்கே தெய்வத்தின் சினம் அல்லது விதி. மனிதர்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

மற்றொரு வகை, பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகை பெருக்கெடுத்தபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. பிட்டு விற்கும் மூதாட்டி வந்திக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, வேலையைச் செய்யாமல் ஆடிப் பாடிப் பிரம்படி வாங்கினார் என்பது புராணம். பக்தியை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால், அந்தக் கதைக்குள் ஒரு நிர்வாக ஏற்பாடு இருக்கிறது. ஆற்றுக்குக் கரை உண்டு, கரைக்குப் பங்கு உண்டு. ஒருவர் பங்கு அடைபடாவிட்டாலும் ஊர் முழுக்க மூழ்கும்.

கிள்ளான், கோல லங்காட் கடலோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கேரித் தீவு போன்ற தாழ்வான நிலங்களில் மண் கரையும் நீர்மதகும் இருந்ததால்தான் அங்கே செம்பனை நின்றது, குடும்பங்கள் பிழைத்தன. கடல் மட்டம் ஏறும்போது மதகை மூடி, இறங்கும்போது திறந்துவிடுவது அங்கே அன்றாட வேலை.

சினிமா பெரும்பாலும் முதல் வகைக் கதையையே எடுத்துக்கொள்கிறது. நாம் வாழ்வது இரண்டாம் வகைக் கதையில்.

திரைக்கு வந்த கடல்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் முதல் பாகத்துக்குப் 'புது வெள்ளம்' என்றும் இரண்டாம் பாகத்துக்குச் 'சுழற்காற்று' என்றும் பெயர். நடுக்கடலில் புயல், இடி விழுந்து எரியும் மரக்கலம், அருள்மொழிவர்மனையும் வந்தியத்தேவனையும் படகில் வந்து மீட்கும் பூங்குழலி என்று அதிலேயே ஒரு முழு நீளப் பேரிடர்ப் படம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த மணிரத்னத்தின் முதல் பாகமும் கடலில் வீசும் புயலோடுதான் முடிந்தது. நாவலில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தையும் கடல் சூழும். அந்த விகாரத்தைக் கட்டியவர்கள் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர்கள். கடாரம் என்பது நம் கெடா. ஆக, அந்தக் கதைக் கடலின் இந்தக் கரையில்தான் நாம் இருக்கிறோம்.

2008 ஜூனில் வந்த 'தசாவதாரம்' 12ஆம் நூற்றாண்டில் கடலில் எறியப்பட்ட பெருமாள் சிலையில் தொடங்கி 2004 டிசம்பர் 26இல் முடிகிறது. கொடிய கிருமி பரவ இருக்கும் நேரத்தில் கடல் நீரின் உப்பு அதை அழிக்கிறது. அப்படியானால் சுனாமி அழிவா, காப்பா என்று படம் கேட்கிறது. அலையை விதியின் கையில் கொடுத்த படம் இது. ஆனால் அதே படத்தில் மணல் கொள்ளையை எதிர்க்கும் பூவராகன் என்ற பாத்திரமும் உண்டு. கரையைக் காப்பதைப் பற்றிப் பேசுகிறவர் அவர். பத்து வேடங்களில் எதைப் பற்றி நாம் அதிகம் பேசினோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பிரபு சாலமனின் 'கயல்' 2014 டிசம்பர் 25 அன்று, சுனாமியின் பத்தாம் ஆண்டு நினைவு நாளுக்கு முதல் நாள் வெளியானது. காதலர்கள் பிரிந்து தேடும் கதை, கன்னியாகுமரியில் அலை வரும்போது உச்சத்தை அடைகிறது. இங்கும் கடல் காதலைச் சோதிக்க வருகிறது.

2012இல் வந்த 'தி இம்பாசிபிள்' தாய்லாந்தின் காவ் லாக் கடற்கரையில் சிக்கிய ஒரு ஸ்பெயின் குடும்பத்தின் உண்மைக் கதை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளையே மையமாக வைத்து, ஊர் மக்களை ஓரத்தில் நிறுத்தியது என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் நீரைக் காட்டியதில் அது நேர்மையான படம். தண்ணீர் நீலமாக இல்லை. சேறாக, மரம், கண்ணாடி, தகரம், கார் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு முறை அடித்துவிட்டு மீண்டும் அடிக்கிறது. மூழ்குவதற்கு முன்பே உடலைக் கிழிக்கிறது.

உண்மையான அலை எப்படி வரும்?

திரையில் வரும் சுனாமி, கடற்கரையில் சுருண்டு விழும் அலையைப் பல மடங்கு பெரிதாக்கியது போல் இருக்கும். உண்மையில் ஆழ்கடலில் சுனாமியின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கலாம். கப்பலில் இருப்பவர்களுக்கு அது கடந்து போனதே தெரியாது. 1972இல் வந்த 'தி பொசைடன் அட்வென்ச்சர்' படத்தில் கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த அலை பெரிய பயணிகள் கப்பலைக் கவிழ்க்கும். ஆழ்கடலில் சுனாமி அப்படிச் செய்யாது.

கரையோரம் ஆழம் குறையும்போதுதான் அதன் வேகம் குறைந்து, உயரம் ஏறுகிறது. பல இடங்களில் அது சுவர்போல் வருவதில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும் கடல் பெருக்காக வருகிறது. அலைகளுக்கு இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி இருக்கலாம். முதல் அலை வடிந்ததும் உறவினரைத் தேடி, பொருளைத் தேடிக் கரைக்குத் திரும்பியவர்களை அடுத்த அலை இழுத்துக்கொண்டது.

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று படங்கள் சொல்கின்றன. அது சரியான பாடம். தாய்லாந்தின் புக்கெட்டில் பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி ஒருத்தி, பள்ளியில் புவியியல் பாடத்தில் படித்ததை நினைவில் வைத்து எச்சரித்ததால் ஒரு கடற்கரையே காலியானது. ஆனால் அது பாதிப் பாடம்தான். 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. தமிழகம், இலங்கைப் பக்கம் பல இடங்களில் அலையே முதலில் வந்தது. கரையில் நிற்கும்போது நிலம் வெகு நேரம் அதிர்ந்தாலோ, அதிகாரிகள் எச்சரித்தாலோ, கடல் உள்வாங்கும் வரை காத்திருக்கக் கூடாது.

மலேசியாவில் அன்று இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் பினாங்கில். சுமத்ரா தீவு நமக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே தடுப்பாக இருந்ததால் கிள்ளான் பகுதி தப்பியது. அலை தீவின் வட முனையைச் சுற்றி வளைந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து பினாங்கையும் கெடாவையும் தொட்டது. நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்பு ஏற்பட்டது. பினாங்கை அலை எட்டியபோது பிற்பகல் ஆகிவிட்டது. இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்தும், சொல்வதற்கு ஓர் ஏற்பாடு இல்லை. அதன் பிறகுதான் 2005இல் வானிலை ஆய்வுத் துறையின் கீழ் சுனாமி எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. திரையில் நேரம் போதாமல் மக்கள் இறக்கிறார்கள். அன்று நேரம் இருந்தும் இறந்தார்கள்.

புயல் விஷயத்திலும் நமக்கு ஓர் இயற்கைக் காப்பு உண்டு. பூமியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் வளைவு நிலநடுக்கோட்டுக்கு அருகில் மிகக் குறைவு. அதனால் பெரும் புயல்கள் இங்கே உருவாவது அரிது. ஆனாலும் 2001 டிசம்பர் இறுதியில் 'வாமெய்' புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த மழையும் தீபகற்பத்தைக் கடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கொண்டுவந்ததுதான்.

கேமராவுக்குப் பிடிபடாத வெள்ளம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே ஒரு வெள்ளம் ஒளிந்திருக்கிறது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் முடிவு செய்தார். அந்தச் செங்கற்கள் சுடப்பட்ட இடம்தான் இன்று நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பிரிக்பீல்ட்ஸ்.

1971 ஜனவரியில் தலைநகர் மீண்டும் மூழ்கியது. பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். வெள்ளத் தணிப்பு என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பாக மாறியது அதன் பிறகுதான். 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ள நீரை நகர மையத்தைச் சுற்றித் திருப்பிவிடுகிறது. பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றி, சாலைப் பகுதியையும் நீருக்குத் திறந்துவிடுவார்கள். சினிமாவுக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் அது காப்பது நகர மையத்தை.

கிள்ளான் ஆறு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடி, கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் வழியாகக் கடலில் சேர்கிறது. மேலே பெய்யும் மழை எல்லாம் கீழேதான் வந்தாக வேண்டும். கடல் பெருக்கு நேரத்தில் ஆற்று நீர் கடலுக்குள் இறங்க முடியாமல் தேங்கும். ஆறு நிறைந்தால் தாமானின் கால்வாய் நீர் ஆற்றுக்குள் போக முடியாது. அப்போது கால்வாயே பின்னோக்கித் தள்ளும். வீட்டின் குளியலறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் வருவது இப்படித்தான். தாழ்வான நிலத்தில் இருக்கும் ஸ்ரீ மூடா ஒரு கிண்ணம் போல. உள்ளே வந்த நீர் தானாக வெளியேறாது.

2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 54 பேர் இறந்தனர். இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூரில்.

'2018' சரியாகக் காட்டியது எதை?

2023இல் வந்த மலையாளப் படம் '2018', வெள்ளப் படங்களில் ஒரு மாறுதல். 2018 ஆகஸ்டில் கேரளாவில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தைப் பற்றிய படம். ஜூட் ஆந்தனி ஜோசப் இயக்கினார். இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. மாநில அரசின் பங்கைக் குறைத்துக் காட்டியது என்ற விமர்சனமும் அதற்கு வந்தது.

ஆனால் இந்தப் படத்தில் தண்ணீர் மெதுவாக வருகிறது. முதல் பாதியில் மழை பெய்துகொண்டே இருக்கிறது, மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்திரன்ஸ் நடித்த பார்வையற்ற மனிதரைப் போல, தானாக ஓட முடியாதவர்களையும் படம் மறக்கவில்லை. முக்கியமாக, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வருகிறார்கள். அது கற்பனை இல்லை. கேரளாவில் பல்லாயிரம் பேரை மீட்டவர்கள் அவர்கள்தான்.

ஸ்ரீ மூடாவிலும் அதுதான் நடந்தது. மீட்புக் குழுக்கள் வந்து சேரும் முன்பே, சொந்தப் படகு வைத்திருந்தவர்கள், இளைஞர்கள், கோயில், மசூதி, குருத்துவாரா தொண்டர்கள் இறங்கினார்கள். இந்த வகையில் '2018' நம் பிட்டுக்கு மண் சுமந்த கதைக்கு நெருங்கிய உறவு.

படம் முடிந்த பிறகு

எல்லாப் படங்களும் நீர் வடிந்ததும் முடிந்துவிடுகின்றன. வெள்ளம் கண்ட குடும்பத்துக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு அடி சேறு. நனைந்த மெத்தை. ஓடாத மோட்டார் சைக்கிள், அதனால் போகாத வேலை. பிள்ளைகளின் பாடநூல்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். ஆவணப் பிரச்சினையால் ஏற்கெனவே அலைந்த நம் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி இழப்பு மிகப் பெரியது. வடிந்த சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் காலில் உள்ள சிறு காயம் வழியாகவே எலிக்காய்ச்சல் தொற்றும். துப்புரவு செய்யும்போது காலணியும் கையுறையும் அவசியம்.

படங்களில் நாயகன் இடுப்பளவு நீரில் காரை ஓட்டுவார். 15 சென்டிமீட்டர் வேகமான நீர் பெரியவரையே தடுமாறி விழச் செய்யும். 30 சென்டிமீட்டர் ஓடும் நீர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். நீருக்கு அடியில் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது.

வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் 'வஸ்பாடா', கவனம். ஆரஞ்சு என்றால் 'புருக்', மோசம். சிவப்பு என்றால் 'பஹாயா', ஆபத்து. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் ஒவ்வோர் ஆற்று நிலையத்தின் நீர்மட்டமும் தெரியும். அதில் 'வஸ்பாடா'வுக்கும் 'பஹாயா'வுக்கும் நடுவே 'அமாரான்' என்ற நிலை உண்டு. அந்த நிலையில் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே வைப்பது. காரை மேட்டில் நிறுத்துவது. தண்ணீர் வாசலைத் தொடும் முன் மின்சார முதன்மை விசையை அணைப்பது. முதியவர்களையும் நடக்க முடியாதவர்களையும் வெளிச்சம் இருக்கும்போதே அழைத்துச் செல்வது. உதவிக்கு 999.

அடுத்த பெருமழைக்கு முன் இரண்டு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாமானுக்கு அருகில் உள்ள ஆற்று நிலையத்தின் பெயர் என்ன? உங்கள் வரிசையில் தனியாக வாழும் முதியவர் யார், அவரை அழைத்து வரப் போவது எந்த வீடு? வைகைக் கரையில் வந்தியின் பங்கை அடைக்க ஆளில்லாமல் போனது. நம் வரிசையில் அந்தப் பங்கு யாருடையது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ள முடியும்.